பாலும் பெயரும்

குழந்தை பிறந்த வீட்டிற்குள் நுழையும் உற்றாரும் ஊராரும் இரண்டு வினாக்களைத் தவறாமற் கேட்பர். "தாயும் சேயும் நலமா?" என்பது ஒன்று. "என்ன பெயர்?" என்பது மற்றொன்று. பெற்றோரின் முதற் கடமை முழுவதும் இவ்விரு வினாக்களுள் அடங்கிவிடுகின்றது. உடலை வளர்க்கும் பாலும், ஆளை உலகிற்கு அறிவிக்கும் பெயருமே பெற்றோர் தம் மக்கட்கு வழங்கும் முதற் கொடைகள். பின்னர் வழங்கும் வீடும் நிலமும் பொருளும் கைமாறிப் போகலாம், இவ்விரண்டும் கைமாறா.

ஆயின், இன்று தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இவ்விரு கொடைகளும் வீட்டிற்கு வெளியிலிருந்தே வருகின்றன. பால், கடையில் அடுக்கிய தகரப் பெட்டியிலிருந்து வருகின்றது. பெயர், கணியர் கட்டத்திலிருந்தும் எண்கணக்கர் ஏட்டிலிருந்தும் வருகின்றது. தாயின் மார்பிற் பால் இருக்கவும், தமிழிற் சொல் இருக்கவும், இரவலுக்கு அலைவது என்ன முறை? புதிதாய்ப் பெற்றோராகும் இளைஞர் இவ்விரண்டையும் தெளிவுற அறிந்து நடத்தல் வேண்டும். முதற்கண் உடல்நலம், அதன்பின் பெயர்.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் ஊட்டத் தொடங்குதல் வேண்டும். அறுவை வழி மகப்பேறாயினும், தாய் சற்றே தேறியவுடன் செவிலியர் துணையோடு ஊட்டலாம். முதல் இரண்டு மூன்று நாள்களிற் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் 'கெட்ட பால்' எனப் பீச்சிக் கொட்டும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உள்ளது. அளவிற் சிறிதாயினும் ஆற்றலிற் பெரிதான அப்பாலே குழந்தைக்கு வாய்க்கும் முதல் தடுப்பு மருந்து. நோயை எதிர்க்கும் பொருள்கள் அதிற் செறிந்துள்ளன. காட்டுப்பீ என மூதாட்டியர் கூறும் கருமலம் எளிதிற் கழியவும் அது துணைசெய்யும். ஆவின் சீம்பாலை அரும்பண்டமாகக் காய்ச்சி உண்ணும் குடும்பம், தன் குழந்தைக்கு உரியதைக் கொட்டிக் கவிழ்ப்பது அறியாமையன்றி வேறென்ன?

தென்மாவட்டங்களிற் 'சேனை வைத்தல்' என்னும் பெயரால், பிறந்த குழந்தையின் நாவிற் சருக்கரை நீரையோ தேனையோ தடவும் வழக்கம் உண்டு. மூத்தோரின் அன்பு அதில் விளங்குகின்றது என்பது மெய்யே. எனினும், ஓராண்டு நிறையும் முன்னர்க் குழந்தைக்குத் தேன் கொடுத்தலாகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் பிஞ்சுக் குடலிற் பெருகி நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலற்றனவாக்கும். வசம்பைச் சுட்டு உரைத்துப் புகட்டுவதும், விளக்கெண்ணெய் ஊற்றிக் குடலைக் கழுவ முயல்வதும் அவ்வாறே விலக்கத்தக்கன. சேனை வைக்க விரும்பும் பாட்டியார், பேரக் குழந்தையை மடியில் ஏந்தி ஒரு தமிழ்ச் சொல்லை அதன் செவியிற் சொல்லட்டும். வாழ்த்தும் நிறைவேறும், குழந்தைக்கும் தீங்கில்லை.

முதல் ஆறு திங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். கோடை வெயிலிலும் தனித் தண்ணீர் வேண்டுவதில்லை. வேண்டிய நீர் பாலிலேயே உள்ளது. நாளொன்றுக்கு எட்டு முதற் பன்னிரண்டு முறை, இரவிலும் பகலிலும், குழந்தை கேட்குந்தோறும் ஊட்டுதல் வேண்டும். முதற் கிழமைக்குப் பின்னர் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் முறையாக ஏறிவருமாயின் பால் போதுகின்றது என அறியலாம். அழுகின்ற குழந்தையெல்லாம் பசித்த குழந்தையன்று. ஒரு முறை அழுததற்காகப் புட்டியைத் தேடி ஓடவேண்டா. புட்டி புகுந்த வீட்டிற் குழந்தை மார்பைச் சுவைப்பது குறையும். சுவைப்பது குறையச் சுரப்பது குறையும். அவ்வாறு சுருங்கிய பாலைக் கண்டு 'தாய்க்குப் பாலில்லை' எனத் தாயின்மேற் குறை கூறுவது கொடுமை.

குழந்தைப் பால்மாவையும் புட்டியையும் விளம்பரம் செய்தலாகாது என இந்திய அரசு 1992-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றி, 2003-ஆம் ஆண்டில் அதனை மேலும் இறுக்கியது. சட்டம் போட்டுத் தடுக்கவேண்டிய அளவிற்கு வணிகர் முனைந்திருந்தனர் என்பதை இதனால் உணரலாம். உண்மையிலேயே பாலூட்ட இயலாத தாய்மாரும் உளர். அவர்கள் நாணவோ வருந்தவோ வேண்டியதில்லை. மருத்துவரின் சொற்படி நடப்பதே அவர்க்கு முறை. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் தாய்ப்பால் வங்கிகளும் உள்ளன.

தாய்க்கு உணவு குறைந்தாற் சேய்க்கு நலம் குறையும். மகப்பேற்றுக்குப் பின்னர்ப் பத்தியம் என்னும் பெயராற் காயும் கீரையும் பழமும் விலக்கி, தண்ணீரையும் அளந்து கொடுப்பது தவறு. கீரை, பருப்பு, முட்டை, மீன், கேழ்வரகு, பழம் ஆகிய யாவும் அவள் உண்ணலாம். நீரும் வேண்டுமட்டும் பருகலாம். குழந்தையைக் குளிப்பாட்டுதல், துணி மாற்றுதல், இரவில் ஏந்தி உலாவுதல் ஆகியவை தந்தைக்கும் உரிய பணிகள். மகப்பேற்றுக்குப் பின்னர்ச் சில தாய்மார்க்கு அழுகையும் அச்சமும் உறக்கமின்மையும் தோன்றும். அவை இரு கிழமைக்கு மேல் நீடித்தால், 'பேய் பிடித்தது' எனப் பிதற்றாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

இனிக் குழந்தையின் உடற்பேணல். பிறந்தவுடன் குளிப்பாட்டவேண்டா, ஒரு நாள் கழியட்டும். துடைத்து உலர்த்தித் தாயின் மார்போடு தோலுறக் கிடத்துவதே முதல் வெப்பம். 2.5 கிலோவிற்குக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைக்கு இவ்வணைப்பு இன்னும் இன்றியமையாதது. தொப்புட்கொடியின் மேற் சாணமோ சாம்பலோ மஞ்சளோ எண்ணெயோ பூசுதல் கூடாது. தூய்மையாகவும் உலர்வாகவும் விட்டுவிட்டால் ஒன்றிரண்டு கிழமைகளில் அது தானே உதிரும். மூக்கிலும் செவியிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளியெடுப்பது, கடையில் விற்கும் மையைக் கண்ணில் எழுதுவது ஆகியவை கூடாதன. மையில் ஈயம் கலந்திருத்தல் உண்டு. ஈயம் மூளையைக் கெடுக்கும். உறங்கும்போது குழந்தையை மல்லாத்திக் கிடத்துதல் வேண்டும். தலையணையும் தளர்ந்த போர்வையும் முகத்தருகே இருத்தலாகாது.

சில அறிகுறிகளைக் கண்டால் ஒரு நொடியும் தாழ்க்காது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். குழந்தை பால் குடிக்க மறுத்தல், உடல் காய்தல் அல்லது குளிர்ந்து போதல், இரண்டு திங்கட்கு உட்பட்ட குழந்தை நிமையத்திற்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குதல், மூச்சிழுக்கையில் விலாவின்கீழ்க் குழி விழுதல், வலிப்பு, துவண்டு கிடத்தல், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாதல், பிறந்த முதல் நாளிலேயே உடல் மஞ்சளாதல், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வடிதல் என்பன அவை. இவற்றுள் எதற்கும் மந்திரிப்பதும், கயிறு கட்டுவதும், இளவெயிலிற் காட்டுவதும் மருந்தாகா. பிஞ்சு உயிர்க்கு ஓர் இரவின் காலத்தாழ்வும் பெரிது.

தடுப்பூசி பற்றி ஐயுறுவோர் இக்காலத்தும் உளர். அவர்கள் வரலாற்றைக் காணட்டும். இளம்பிள்ளை வாதமாகிய போலியோவால் ஊர்தோறும் சூம்பிய காலோடு குழந்தைகள் தவழ்ந்த காலம் தொலைவானதன்று. இந்தியாவில் அந்நோயின் இறுதி நேர்வு 2011-இற் காணப்பட்டது. 2014-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்நோய் நீங்கிய நாடாக இந்தியா சான்று பெற்றது. இது சொட்டு மருந்தின் வெற்றி. பிறந்தவுடன் எலும்புருக்கி நோய்க்கும், போலியோவிற்கும், 'பி' வகைக் கல்லீரல் அழற்சிக்கும் தடுப்பு மருந்து அளிக்கப்படும். 6, 10, 14-ஆம் கிழமைகளில் தொண்டையடைப்பான், கக்குவான், இசிவுநோய் முதலிய ஐந்து நோய்களை ஒருங்கே தடுக்கும் ஊசி உண்டு. ஒன்பது திங்கள் நிறைந்ததும் தட்டம்மைக்கும் உருபெல்லாவிற்கும் ஊசி. இவை யாவும் அரசு நலவாழ்வு நிலையங்களில் விலையின்றிக் கிடைப்பன. ஊசி போட்ட அட்டையைப் பொன்னைப் போற் காத்தல் வேண்டும்.

ஆறு திங்கள் நிறைந்ததும் தாய்ப்பாலோடு இணையுணவு தொடங்குக. கேழ்வரகுக் கூழ், குழைத்த சோறும் பருப்பும், மசித்த வாழைப்பழம், வேகவைத்த கிழங்கு, கீரை, முட்டை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பழக்கலாம். ஓராண்டு வரையில் உப்பும் சருக்கரையும் சேர்க்கவேண்டா. தாய்ப்பாலை இரண்டாண்டும் அதற்கு மேலும் தொடரலாம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. முறையாக வளரும் குழந்தை, பிறந்த எடையை ஏறத்தாழ ஐந்தாம் திங்களில் இருமடங்காகவும், ஓராண்டில் மும்மடங்காகவும் பெருக்கிக் கொள்ளும்.

உடலுக்குப் பால் எவ்வாறோ, அவ்வாறே அறிவிற்கு மொழி. பிறந்த குழந்தை தாயின் குரலைப் பிற மகளிர் குரலினின்று பிரித்தறிகின்றது என ஆய்வறிஞர் கண்டுள்ளனர். கருவிலிருந்தே அது கேட்டுப் பழகிய குரல் அது. ஆதலின் 'ஒன்றும் அறியாத பிள்ளையிடம் என்ன பேசுவது?' என வாளா இருத்தல் கூடாது. பாலூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் தாய் தன் மொழியிற் பேசுதல் வேண்டும். தாலாட்டு என்னும் சொல்லிலேயே தால் என்பது நாவைக் குறிக்கும். நாவசைத்துப் பாடும் அப்பாட்டு, தூங்கச் செய்யும் கருவி மட்டுமன்று. குழந்தையின் முதற் பள்ளிக்கூடமும் அதுவே.

குழந்தையின் வளர்ச்சிப் படிகளைத் தமிழர் கூர்ந்து நோக்கியிருந்தனர் என்பதற்குப் பிள்ளைத்தமிழே சான்று. கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. ஏறத்தாழ ஐந்தாம் திங்களுக்கு உரியது. இரு கை சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. ஒன்பதாம் திங்களுக்கு உரியது. தளர்நடையிட்டு வருவது வருகை. ஓராண்டு கடந்ததும் நிகழ்வது. இன்றைய குழந்தை மருத்துவரும் ஏறத்தாழ இவ்வடையாளங்களையே பார்க்கின்றனர். அவர்கள் பார்க்கும் மற்றோர் அடையாளமும் உண்டு. ஒன்பதாம் திங்களளவிற் பெயர் சொல்லி அழைத்தாற் குழந்தை திரும்பிப் பார்த்தல் வேண்டும். பாராதாயிற் செவியையும் வளர்ச்சியையும் ஆய்ந்தறிதல் வேண்டும். எனவே, குழந்தைக்கு நிலையான ஒரு பெயர் இருத்தலும், அப்பெயராலேயே வீட்டார் அனைவரும் அழைத்தலும் நலவாழ்வின் ஒரு கூறே ஆகின்றன. அம்மா ஒன்றும், அப்பா ஒன்றும், பாட்டி மற்றொன்றும், ஏட்டில் வேறொன்றுமாக நான்கு பெயரால் அழைத்தால், எப்பெயருக்குத் திரும்புவது எனக் குழந்தை எங்ஙனம் அறியும்?

அப்பெயர் எத்தகையதாக இருத்தல் வேண்டும்?

நாண்மீன் பார்த்து எழுத்துக் குறித்துக் கொடுக்கும் வழக்கத்தை முதலிற் கருதுக. ஆயிலியத்திற் பிறந்த குழந்தைக்கு அப்பட்டியல் தரும் நான்கு எழுத்தும் டகர வரிசையில் உள்ளவை. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டு மெய்கள் தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா என்பது தமிழிலக்கணம். அங்ஙனமாயின் ஆயிலியத்திற் பிறந்த தமிழ்க் குழந்தைக்குத் தமிழ்ப்பெயரே இல்லையா? தமிழ்க் குழந்தைக்குத் தமிழ்ப்பெயர் இடவொட்டாத பட்டியல், தமிழர்க்காக எழுந்த பட்டியலாக இருத்தல் எங்ஙனம்? எண்கணக்கோ இதனினும் வேடிக்கை. அது தமிழெழுத்தை எண்ணுவதில்லை; ஆங்கில எழுத்தை எண்ணுகின்றது. கூட்டுத்தொகை சரிவர வேண்டி ஓர் எழுத்தை இரட்டித்தும், ஒன்றை நடுவிற் செருகியும் எழுதுகின்றனர். பின்னர்ப் பள்ளியில் ஒரு வடிவம், வங்கியில் ஒரு வடிவம், கடவுச்சீட்டில் ஒரு வடிவம் என அப்பெயர் சிதறிக் கிடக்கும். நற்பேறு தரும் என நம்பிச் செருகிய எழுத்து, அம்மகனை அலுவலகந்தோறும் அலைய வைக்கின்றது.

பெயரைப் பொருளறிந்து இடுதல் வேண்டும். 'இதன் பொருள் என்ன?' என வினவினால், 'தெரியாது. கேட்க இனிமையாயிருந்தது' எனக் கூறும் பெற்றோர் இன்று பலர். தமிழரின் பெயர்கள் அத்தகையன அல்ல. கீழடியிற் கிடைத்த பானை ஓட்டில் ஆதன் என்னும் பெயர் கீறப்பட்டுள்ளது. புகழூர்க் கல்வெட்டில் ஆதன், கடுங்கோன் என்னும் பெயர்கள் உள்ளன. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர்க் குடிமக்கள் தம் பானையிற் கீறிவைத்த பெயரை இன்றும் ஒரு குழந்தைக்கு இட்டு அழைக்க முடியும் என்பது எத்தகைய பேறு! மாறன், வளவன், செழியன், பாரி, குமணன், நன்மாறன், இளங்கோ, எழிலன், இனியன், முகிலன் எனவும், ஔவை, நச்செள்ளை, முல்லை, அல்லி, தாமரை, குழலி, கயல்விழி, தேன்மொழி, யாழினி, வெண்ணிலா எனவும் பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன. சமயம் இதற்குத் தடையன்று. அருளப்பன், இராயப்பன், சின்னப்பன் எனத் தமிழ்க் கிறித்தவர் தம் திருத்தொண்டர் பெயரையே தமிழாக்கி வழங்கினர்.

'தாத்தா பெயரை இடவேண்டும். அது வடமொழியாயிற்றே' என இடர்ப்படுவோர் உளர். பாட்டன் பெயரைப் பெறுபவன் ஆதலாலேயே அவன் பெயரன் எனப்பட்டான், பெயர்த்தியும் அவ்வாறே. அவ்வழக்கத்தைக் கைவிடவேண்டா, பெயரைத் தமிழாக்கிக் கொள்க. வேதாசலம் என்னும் தம் பெயரை 1916-ஆம் ஆண்டில் மறைமலை என மாற்றிக்கொண்ட அடிகளார், திருஞானசம்பந்தனை அறிவுத்தொடர்பன் எனவும், மாணிக்கவாசகத்தை மணிமொழி எனவும், சுந்தரமூர்த்தியை அழகுரு எனவும், திரிபுரசுந்தரியை முந்நகரழகி எனவும் தம் மக்கள் பெயர்களையே தமிழாக்கி வழிகாட்டினார். அதற்கு முன்பே சூரியநாராயணர் தம் பெயரைப் பரிதிமாற்கலைஞர் எனத் தமிழாக்கினார். பொருள் மாறவில்லை, முன்னோர் நினைவும் மறையவில்லை.

ஆயினும், தமிழ்ச்சொல்லாய் இருந்தால் மட்டும் போதாது. மூன்றாவதும் நான்காவதும் பெண்ணாய்ப் பிறந்தால், அடுத்தது ஆணாகட்டும் என்று 'வேண்டா' எனவும் 'போதும்பொண்ணு' எனவும் பெயரிட்ட குடும்பங்கள் தமிழகத்தில் உண்டு. அவையும் தமிழ்ச்சொற்களே. ஆயின், பள்ளியில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போதெல்லாம் 'நீ வேண்டாதவள்' என அச்சிறுமிக்கு ஒருவர் அறிவிக்கின்றார். வாழ்நாள் முழுதும் ஆறாப் புண் அது. பெண் பிறந்ததற்கு முகஞ்சுளிக்கும் தாய்தந்தையர் தமிழ்ப்பற்றுப் பேசுதற்கு உரியரல்லர். பெயரின் பின்னே குலப்பட்டம் ஒட்டுவதும் இத்தகைய இழிவே. பிறரைத் தாழ்த்தும் வால் எதற்கு? இடும் பெயர் தமிழாய் இருத்தல் வேண்டும். பொருளுடையதாய் இருத்தல் வேண்டும். அழைக்க எளிதாய் இருத்தல் வேண்டும். அழைக்கப்படுவோர் தலைநிமிர்தற்கு உரியதாய் இருத்தல் வேண்டும். இந்நான்கும் பார்த்தபின் வேறெதனையும் பார்க்க வேண்டுவதில்லை.

பெயரைத் தேர்ந்தால் மட்டும் போதாது, பதிதல் வேண்டும். பிறப்பு 21 நாள்களுக்குள் பதிவாதல் வேண்டும் என்பது சட்டம். மருத்துவமனையிற் பிறந்தால் மருத்துவமனையே செய்தியை அனுப்பும். பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு, ஓராண்டிற்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம்; அதன்பின் 15 ஆண்டுவரையிற் காலத்தாழ்வுக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். ஒருமுறை பதிந்த பெயரை மாற்றுவது எளிதன்று. அரசிதழ் வரையிற் செல்ல நேரும். 2023-ஆம் ஆண்டு அத்தோபர் முதல் நாளிலிருந்து பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் ஓட்டுநர் உரிமத்திற்கும் வாக்காளர் பட்டியலுக்கும் கடவுச்சீட்டிற்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் எனச் சட்டம் திருத்தப்பட்டுள்ளது. ஆதலின், சான்றிதழிற் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையின்றி உள்ளதா என எழுத்தெண்ணிப் பார்த்து வாங்குதல் வேண்டும். முன்னெழுத்தும் தமிழெழுத்தாகவே இருக்கட்டும். தாயின் பெயரெழுத்தையும் தந்தையின் பெயரெழுத்தையும் இணைத்து எழுதுவது இன்னும் சிறப்பு.

தமிழகம் குழந்தைகளைக் காப்பதிற் பின்தங்கிய நாடன்று. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் இறப்போர் இந்தியாவில் 28, தமிழகத்தில் 13. ஊர்தோறும் உழைத்த செவிலியரும் தடுப்பூசியும் விழிப்புற்ற தாய்மாரும் ஈட்டிய வெற்றி இது. உடலைக் காத்த இவ்விழிப்பு, பெயரையும் மொழியையும் காப்பதில் ஏன் மழுங்குதல் வேண்டும்? உயிர் பிழைத்து உரம்பெற்று வளர்ந்த குழந்தை, தன் பெயரின் பொருளைத் தானே அறியாமல் தன் மண்ணில் அயலாள் போல் நிற்குமாயின், வளர்த்தோரின் பணி பாதியிலேயே நின்றதாகும்.

பெற்றோராகப் போகும் இளைஞர், மகப்பேற்றுக்கு நாள் குறித்த அன்றே இரண்டு செயல்களைத் தொடங்கட்டும். தாய்ப்பாலூட்டும் முறையைச் செவிலியரிடம் கேட்டறிந்து கொள்க. ஆணுக்கு ஒன்றும் பெண்ணுக்கு ஒன்றுமாக இரு தமிழ்ப்பெயர்களைப் பொருளோடு தாளில் எழுதி வீட்டில் வைக்க. வலியெடுத்து மருத்துவமனைக்கு ஓடும் நாளிற் பெயர் தேட நேரமிராது. தேடாதவர் கையிற் கணியரின் பட்டியலே வந்து விழும். முன்னரே ஆயத்தமாயிருக்கும் வீட்டிற் பிறக்கும் குழந்தைக்கு முதல் மணி நேரத்திலேயே பாலும் கிடைக்கும்; பெயரும் கிடைக்கும். அவ்விரண்டும் அதற்கு உரியன. உரியவற்றை உரிய காலத்தில் வழங்குவதே பெற்றோர்க்கு அறம்.